தானே அணையும் லொறி

அரசியலும் நினைவுக் குறிப்புகளும் எழுதிவரும் இப்பக்கத்தில் லொறியின் பொத்தான் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தமைக்காக வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து வாசிப்போருக்கு இந்தப் பொத்தான் புதிதன்று. சிவப்பு விளக்கில் நின்றதும் இயந்திரம் தானே அணைந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானே உயிர்பெறும் ஏற்பாடு அவர்களுடைய கார்களில் பல ஆண்டுகளாக உள்ளது. இப்போது அது மாத்தளை மாவட்டத்து லொறிக்காரரின் வயிற்றுப்பாட்டில் கைவைக்கின்றது. அதனாலேயே எழுதுகின்றேன்.

ஏ-9 வீதி என்றதும் நம்மவருக்கு ஓமந்தையும் ஆனையிறவுமே நினைவுக்கு வரும். ஆனால் அந்த வீதி கண்டியில் தொடங்கி, அக்குறணையைக் கடந்து, பலகடுவ வளைவுகளில் ஏறி இறங்கி, மாத்தளை, நாலந்தா, நாவுல என்று தம்புள்ளையைத் தொட்ட பின்னரே வன்னியை நோக்கிச் செல்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் வந்திறங்கிய தமிழகத் தொழிலாளர்கள் மாத்தளைக்கு நடந்தே வந்த தடமும் தம்புள்ளை வழியானதுதான். அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணமும் நிகழ்ந்தது. அன்று நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் இன்று அதே வழியில் லொறி ஓட்டுகின்றனர்.

அந்த லொறிகள் பலவற்றுக்கு முடிவிடம் தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம். 1999இல் திறக்கப்பட்ட இந்த மொத்தச் சந்தையில் நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும், வடக்கின் பீட்ரூட்டும், சுற்றுப்புறத்துப் பெரிய வெங்காயமும் வந்து இறங்குகின்றன. இறங்கியவை வேறு லொறிகளில் ஏறி நாட்டின் நாலாபுறமும் செல்கின்றன. வரத்து மிகுந்த நாளில் அங்கே வரிசை எப்படி நகரும் என்பதை நின்று பார்த்தவர்களே அறிவர். முன்னால் நிற்கும் வண்டி பத்தடி நகரும். பின்னால் இருப்பவரும் பத்தடி நகர வேண்டும். நகராவிட்டால் பக்கத்திலிருந்து ஒரு பட்டா உள்ளே நுழைந்துவிடும். பிறகு அரை நிமிடம் நிற்கவேண்டும். மறுபடியும் பத்தடி.

எனக்கு அறிமுகமான லொறி உரிமையாளர் ஒருவர் மாத்தளை நகருக்கு அண்மையில் வசிக்கின்றார். சொந்த வண்டியைத் தாமே ஓட்டுகின்றார். லீசிங் தவணையை மாதந்தோறும் தாமே கட்டுகின்றார். அண்மையில் அவர் வாங்கிய ஜப்பானிய லொறி, அந்தப் பத்தடிக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எழுகின்றதாம். தொலைபேசியில் அழைத்தவர், “ஐயா, இந்தச் சனியனை ஒரேயடியாக அணைத்துவைக்க ஒரு சாமான் விற்கிறார்களாம். நாலைந்து விதம் இருக்கிறதாம். எதை வாங்குவது?” என்று கேட்டார்.

கேள்வி சிறியது. ஆனால் விடையில் தவறினால் அவருக்கு ஒரு மாதத் தவணை போய்விடும். சற்று விரிவாகவே பார்ப்போம்.

இயந்திரம் தானே அணையும் எண்ணம் பழையது. டொயோட்டா 1970களிலேயே கிரவுண் காரில் இதனைச் சோதித்தது. ஐரோப்பாவில் 1980களில் ஃபியற்றும் 1990களில் வொக்ஸ்வாகனும் முயன்றன; மக்கள் விரும்பவில்லை. 2004இல் சிற்றொயென் சி-3 காரில் வந்த பின்னர்தான் அது நிலைத்தது. இந்தியாவில் 2008இல் மகிந்திரா ஸ்கோர்ப்பியோவில் அறிமுகமானது. ஜப்பானில் இதற்கு ‘ஐட்லிங் ஸ்டொப்’ என்று பெயர். நிறுத்தி வைத்த வண்டியின் இயந்திரத்தை ஓடவிடுவதைத் தடுக்கும் ஒழுங்குவிதிகளை அங்கே பல மாகாணங்கள் இயற்றியிருந்தன. ஆகவே எல்ஃப், கன்டர், டியூட்ரோ வகைச் சிறு லொறிகள் பலவற்றிலும் அந்த வசதி இடம்பெற்றது. ஜப்பானிய நகரத்தில் வீட்டுக்கு வீடு பொதி விநியோகிக்கும் லொறிக்கு அது பொருத்தமே. அங்கே ஓடித் தேய்ந்த பின் கப்பலேறி அம்பாந்தோட்டையில் இறங்கும்போது, வண்டியோடு அந்த ஜப்பானிய நல்லொழுக்கமும் சேர்ந்தே இறங்குகின்றது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளையே தட்டிக்கொட்டி ஓட்டியவர்கள் திடீரெனப் புதுவகை வண்டிகளுக்கு மாறினார்கள். பழைய லொறியில் அணைப்பது சாரதியின் கை; புதியதில் அது கணினியின் வேலை. வேறுபாட்டை எவரும் அவர்களுக்கு விளக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் மிச்சம் இல்லையா? உண்டு. சிறு டீசல் லொறியொன்று சும்மா நின்று ஓடினால் மணிக்கு அரை லீற்றருக்கு மேல், ஒரு லீற்றர் வரையில் குடிக்கும். நிறுத்தம் பத்து வினாடிக்கு மேல் நீடித்தால், இயந்திரத்தை அணைத்து மறுபடி இயக்குவதே எரிபொருளுக்கு இலாபம் என்பது ஆய்வுகூடங்களில் அளந்து கண்ட உண்மை. இந்த நாட்டில் டீசலின் அருமையை எவருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 ஜூனில் லீற்றர் 111 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூனில் 460 ரூபாவாயிற்று. அந்த ஆண்டு மார்ச்சில், எரிபொருள் வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருந்த முதியவர்கள் இருவர் வரிசையிலேயே உயிரிழந்தனர். கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாரப் பங்கீட்டை வாங்கிய நாட்களும் தொடர்ந்தன. அத்தகைய நாட்டில் இருந்துகொண்டு, டீசலைச் சேமிக்கும் பொறியைப் பழிப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் தம்புள்ளை வரிசைக்கு அந்தக் கணக்குப் பொருந்தவில்லை. சிவப்பு விளக்கில் ஒரு நிமிடம் நின்று பிறகு ஓடும் வண்டிக்குச் செய்த கணக்கு அது. மூன்று மணி நேர வரிசையில் நூறு முறை அணைந்து நூறு முறை எழும் வண்டி, ஒவ்வொரு முறையும் சில வினாடிகளையே மிச்சப்படுத்துகின்றது. அதற்காக ஸ்டார்ட்டரும் பற்றரியும் நூறு முறை உழைக்கின்றன. அதே வரிசையில் பழைய கன்டர் ஓட்டும் முதியவர் என்ன செய்கின்றார்? முன்னால் மூன்று லொறி நகரும்வரை சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு வெற்றிலை போடுகின்றார். வாயிலில் தராசுக்காரர் தேநீர் குடிக்கப் போயிருப்பது அவர் கண்ணுக்குத் தெரிகின்றது, கணினிக்குத் தெரியாது. அவரே அதிகம் சேமிக்கின்றார்.

ஆகவே வரிசையிலும் மலைப்பாதை நெரிசலிலும் இந்த ஏற்பாட்டை அணைத்துவைக்க விரும்பும் சாரதியின் பக்கமே நான் நிற்கின்றேன். இந்த விடயத்தில் எனக்கு முன்னரே ஒரு பெரிய இடத்திலிருந்து குரல் எழுந்தது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் தலைவர் லீ செல்டின், இந்த வசதியை எல்லோரும் வெறுக்கின்றார்கள் என்றும் அதனைச் சீர்செய்யப் போவதாகவும் 2025 மே மாதத்தில் அறிவித்தார். அவருடைய நியாயம் வேறு. எங்கள் லொறிக்காரரின் நியாயம் வேறு. அங்கே அது அரசியல் கட்சிகளின் சண்டை. இங்கே பற்றரியின் விலை.

இனிச் சாமானுக்கு வருவோம்.

பெரும்பாலான வண்டிகளில் நிறுத்தப் பொத்தான் ஒன்று ஏற்கெனவே உண்டு. வட்டமான அம்புக்குள் ‘ஏ’ எழுத்தும் அடியில் ‘ஓஃப்’ என்ற சொல்லும் பொறித்திருக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் ஒருமுறை அழுத்தினால் அன்றைய ஓட்டத்தில் தொல்லையில்லை. வண்டியை அணைத்து மறுபடி இயக்கினால் பொத்தான் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரும்பவும் அழுத்த வேண்டும். இதற்குச் சதக்காசு செலவில்லை. என்னைக் கேட்டால், ஒரு மாதமாவது இப்படி அழுத்திப் பார்த்துவிட்டு, பொறுமை போய்விட்டால் மட்டும் கடைக்குப் போகலாம் என்பேன்.

கடையில் கிடைப்பவற்றில் நல்லது ‘நினைவுவைக்கும்’ வகை. பொத்தானுக்குப் பின்னாலுள்ள இணைப்பியைக் கழற்றி, இடையில் இந்தச் சிறு பெட்டியைச் செருகி, மறுபடி பூட்டிவிடுவார்கள். கடைசியாக அழுத்திய நிலையை அது நினைவில் வைத்து, வண்டி இயங்கியதும் உங்கள் விரலுக்குப் பதிலாகத் தானே அழுத்திவிடுகின்றது. அதற்குமேல் எதுவும் செய்வதில்லை. நீங்கள் விரும்பிய நாளில் பொத்தானை அழுத்தினால் ஐட்லிங் ஸ்டொப் மீண்டும் வேலை செய்யும். கண்டிக்குச் சுமையேற்றிப் போய் நகர நெரிசலில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் அந்த வசதி உங்களுக்கே தேவைப்படலாம். வண்டியை விற்கும்போது பெட்டியைக் கழற்றி எடுத்தால் வண்டி பழையபடி இருக்கும். வயரை வெட்டாமல் செருகும் வகையையே கேட்டு வாங்க வேண்டும். வெட்டிப் பிணைத்து இன்சுலேஷன் ரேப் சுற்றும் வேலை, பலகடுவக் குலுக்கலில் எத்தனை நாள் தாங்கும்?

லொறிக்காரர் கவனிக்கவேண்டிய மற்றொன்று வோல்ற்று. இச்சாமான்களில் பெரும்பாலானவை கார்களுக்கும் சிறு வேன்களுக்குமாக 12 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டவை. ஜப்பானிய லொறிகள் பல, இரண்டு பற்றரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ற்று வண்டிகள். பஞ்சிகாவத்தையில் ஒருவர் ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று சொல்லிக் கையில் திணித்தால் வாங்காதீர்கள். வண்டியின் மாதிரி இலக்கத்தை, கதவோரத் தகட்டிலோ இயந்திரக் கூடத்திலோ உள்ள அந்த எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டை, எழுதிக்கொண்டு போய், அதற்கென்றே செய்த இணைப்பி உள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்புவதே இலாபம்.

வண்டியின் சோதனைத் துளையில், மெக்கானிக்குகள் ஸ்கேனர் செருகும் அந்த இடத்தில், நிரந்தரமாகச் செருகிவைக்கும் வகை ஒன்றும் உண்டு. வேலை சுலபம், அரை நிமிடத்தில் முடியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் துளை வண்டியின் கணினிகளோடு பேசும் வாசல். ஊர் பேர் தெரியாத ஒரு பெட்டியை அங்கே இரவும் பகலும் குடியிருத்துவது, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்கு ஒப்பானது. வண்டி நிற்கும்போதும் அது மின்சாரத்தை உறிஞ்சக்கூடும். தோட்டத்தில் மூன்று நாள் வேலையின்றி நின்ற லொறி நான்காம் நாள் கிளம்பாவிட்டால், முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

கணினியின் நிரலையே திருத்தித் தருபவர்களும் இருக்கின்றார்கள். செய்பவர் தேர்ந்தவராயின் அது சுத்தமான வேலை. தேர்ந்தவர் யார் என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். முகவரிடம் புதிதாக வாங்கிய, உத்தரவாதம் உள்ள வண்டி என்றால், அந்த முகவரிடமே எழுத்தில் கேட்டுப் பதில் பெறாமல் எதையும் தொடக்கூடாது.

இவற்றுக்கெல்லாம் அப்பால் இலவச வைத்தியங்கள் உலாவுகின்றன. பொனட் திறந்திருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் வகையில் அதன் உணரியைக் கழற்றிவிடு என்பது ஒன்று. கணினி நம்பும், இயந்திரம் அணையாது. ஆனால் பொனட் மெய்யாகவே பூட்டாமல் கிளம்பும் நாளில் எச்சரிக்கை விளக்கைச் சாரதி பொருட்படுத்தமாட்டார். பற்றரி முனையிலுள்ள உணரியைப் பிடுங்கிவிடு என்பது இன்னொன்று. இது அதைவிடக் கேடு. பற்றரிக்கு எவ்வளவு மின்னேற்றம் தேவை என்பதை ஒல்டனேட்டர் அந்த உணரியைக் கொண்டே அறிகின்றது. அதைப் பிடுங்கியவர் ஒரு தொல்லையைப் போக்கி, பற்றரியைக் குருடாக்கிவிடுகின்றார். அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்காரர்கள், இழுவைப் பெட்டி பூட்டியிருப்பதுபோல் காட்டும் பொய்ச் செருகியைப் பின்புறத்தில் மாட்டுகின்றனர். பாரம் இழுக்கும்போது இயந்திரம் அணையாது என்ற விதியைப் பயன்படுத்தும் தந்திரம். அதனால் சில வண்டிகளில் பின்புற எச்சரிக்கை உணரிகளும் சேர்ந்தே உறங்கிவிடுகின்றன.

இந்த இடத்தில் ஒரு தப்பெண்ணத்தையும் நீக்கவேண்டும். மலைச்சரிவில் இறங்கும்போது ஐட்லிங் ஸ்டொப் இயந்திரத்தை அணைத்துவிடும், பிரேக் பிடிக்காது என்று சிலர் அஞ்சுகின்றனர். அது ஓடும் வேகத்தில் அணைப்பதில்லை. வண்டி நின்ற பின்னரோ, நிற்கும் தறுவாயிலோதான் அணைக்கும். நிற்கையில் பிரேக்கின் அழுத்தம் குறைந்தால் தானே இயந்திரத்தை எழுப்பிவிடும். டீசலை மிச்சம்பிடிக்கச் சாவியைத் திருப்பி, நியூட்ரலில் பலகடுவச் சரிவில் நழுவவிடும் பழைய வீரர்கள் சிலர் இருந்தார்கள். ஸ்டீயரிங்கின் துணைவிசை அந்தக் கணமே போய்விடும்; பிரேக்கின் துணைவிசையும் சில முறை மிதித்ததும் தீர்ந்துவிடும். அஞ்சவேண்டியது அதற்குத்தான்.

நான் அதிகம் கவலைப்படுவது பற்றரியைப் பற்றி. சாதாரண ஸ்டார்ட்டர் சுமார் 50,000 முறை இயங்கும் கணக்கில் செய்யப்படுகின்றது. தானே அணைந்தெழும் வண்டியின் ஸ்டார்ட்டர் அதைப்போல் பல மடங்கு தாங்கும்படி வலுவாக்கப்பட்டது. ஆகவே ஸ்டார்ட்டர் தேய்கின்றதே என்ற புலம்பலில் பாதிக்குமேல் வீண்பயம். பற்றரி அப்படியன்று. இவ்வண்டிகளுக்கு அடிக்கடி இறங்கி ஏறும் மின்னேற்றத்தைத் தாங்கக்கூடிய தனிவகைப் பற்றரி வேண்டும். ஜப்பானியப் பற்றரியானால் மேல்மூடியில் எம்-42, என்-55, கியூ-85, எஸ்-95, ரி-110 என்பன போன்ற குறியீடு இருக்கும். 55பி24, 95டி31 என்று எண்ணில் தொடங்கும் குறியீடு மட்டும் இருந்தால் அது வழக்கமான பற்றரி. விலையில் இரண்டுக்கும் கணிசமான வேறுபாடு உண்டு.

ஜப்பானிலிருந்து வந்த பற்றரி வயதாகிப் போனதும், விற்பனைக்கு முன் யாரோ மலிவான சாதாரணப் பற்றரியை மாட்டிவிடுகின்றனர். வாங்கியவருக்கு அது தெரியாது. சில மாதங்களில் வண்டி சோம்பலாகக் கிளம்புகின்றது. ஐட்லிங் ஸ்டொப் ஒருநாள் வேலை செய்கின்றது, மறுநாள் செய்வதில்லை. உடனே பழி அந்த ஏற்பாட்டின்மேல் விழுகின்றது. அதை அணைக்கும் சாமானை வாங்கி மாட்டியதும் தொல்லை தீர்ந்ததுபோல் தோன்றும். உண்மையில் தீர்ந்தது நோயன்று, நோயின் அறிகுறி. ஏலக்காய் மூட்டைகளோடு இறத்தோட்டைக்கு மேலே ஏதாவதொரு வளைவில், மழை இரவில், வண்டி ஒரேயடியாகக் கிளம்ப மறுக்கும்போதுதான் அது விளங்கும். ஐட்லிங் ஸ்டொப்பை அணைத்துவிட்டால் சாதாரணப் பற்றரி போதுமே என்பாரும் உளர். மின்னேற்றத்தைக் கணினி கட்டுப்படுத்தும் வண்டிகளில் அதுவும் முழு உண்மையன்று. அணைத்த பின்னரும் அந்தக் கட்டுப்பாடு தொடர்வதால் பற்றரியின் உழைப்பு முற்றாகக் குறைவதில்லை.

நண்பரிடம் முதலில் பற்றரி மூடியிலுள்ள குறியீட்டை வாசிக்கச் சொன்னேன். சிறிது நேரம் கழித்து மறுபடி அழைத்தார். 95டி31, இரண்டும் அதுவே. விற்றவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். பொத்தான் இருப்பதை அறிவாரா என்று கேட்டேன். அதையும் அறியார். பொத்தானருகே இருந்த விளக்கக் குறிப்பு ஜப்பானிய மொழியில் இருந்தது. இந்நாட்டில் ஜப்பானிய வண்டி ஓட்டும் எவரும் ஒவ்வொரு காலையும் அதில் ஒரு பெண்மணி ஏதோ பணிவோடு சொல்வதைக் கேட்டிருப்பார்கள். பெருந்தெருக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று அவள் சொல்கின்றாள். தோக்கியோவின் சுங்கச்சாவடி அட்டையை உக்குவளைக்காரர் எங்கே தேடுவார்! அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். பற்றரி விடயத்தில் அவ்வாறு போகமுடியாது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பொருட்களில் என்ன விபரம் குறிக்கப்படவேண்டும் என்று விற்பனையாளருக்குப் பணிப்புரை வழங்கும் அதிகாரம் உண்டு. பிஸ்கட் பொதியில் என்ன அச்சிட வேண்டும் என்று நாம் சட்டம் வைத்திருக்கின்றோம். பல இலட்சம் ரூபாவுக்கு விற்கப்படும் மீள்சீரமைத்த லொறிக்கு ஒரு தாள் போதும்: பற்றரியின் வகை, ஐட்லிங் ஸ்டொப் உண்டா, அதன் பொத்தான் எங்கே, எந்த வோல்ற்று. சிங்களத்திலும் தமிழிலும் ஒரே தாள். அதைக் கையொப்பமிட்டு வாங்குபவரிடம் கொடுக்க விற்பனையாளரைப் பணித்தால், சாமான் வாங்க வருபவர்களில் பாதிப் பேருக்குச் சாமானே வேண்டியிராது.

நண்பர் பற்றரிகளை மாற்றுவதற்கு அடுத்த வாரம் கண்டிக்குப் போகின்றார். நினைவுவைக்கும் பெட்டியை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இதற்கிடையில் காலையில் பொத்தானை அழுத்தவும், தம்புள்ளை வாயிலில் தராசு நின்றுவிட்டால் சாவியைத் திருப்பி அணைக்கவும் சொல்லியிருக்கின்றேன்.